அரண்டவன் கண்

நுழையும்முன்

காண்பது கண்ணின் தொழில் மட்டுமன்று, மனத்தின் தொழிலுமாகும். நம் கண் எதனை முதலில் பற்றுகிறது, எதனைக் காணாமலே கடந்துபோகிறது என்பதை நாம் முன்னர்ப் பட்ட இன்பமும் துன்பமும் பெருமளவு முடிவுசெய்கின்றன. பட்டறிவால் நம் முன்னோர் உணர்ந்து பழமொழிகளில் பொதிந்துவைத்த இவ்வுண்மையை, உளவியல் அறிஞர்கள் ஆய்வுக்கூடங்களில் சோதித்து விளக்கியுள்ளனர். அவ்விளக்கத்தை அறிமுகம் செய்வதோடு, கண்டதை உறுதியென நம்புமுன் நமக்குள்ள பொறுப்பையும் எடுத்துரைக்கிறது இக்கட்டுரை.

'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. கோழையை எள்ளும் சொல்லாகவே இதனைப் பெரும்பாலும் கையாளுகிறோம். சற்றே கூர்ந்து நோக்கினால் இப்பழமொழிக்குள் ஓர் உளவியல் கோட்பாடே அடங்கியிருப்பது புலப்படும். 'அரண்டவன்' என்னும் வினையாலணையும் பெயர் இறந்தகாலம் காட்டுகிறது. அவன் முன்பே ஒருமுறை அஞ்சியவன். 'இருண்டது' அவன் கண்முன் இப்போது நிற்பது. 'பேய்' அவன் கண்டதாகக் கருதுவது. முன்பு நிகழ்ந்த அச்சம் இப்போதைய காட்சிக்கு உருவம் கொடுக்கிறது என்பதே இதன் பொருள். உணர்ச்சி தோய்ந்த நினைவு ஒன்று, கண்ணின் கவனத்தை எவ்வாறு தன்பால் ஈர்க்கிறது என்பதை இனிக் காண்போம்.

சிறு விளக்கும் பெரிய அறையும்

நாம் கண்ணைத் திறந்தவுடன் உலகம் முழுவதும் ஒரே கணத்தில் தெளிவாகத் தெரிவதாக எண்ணுகிறோம். உண்மை அவ்வாறன்று. விழித்திரையின் நடுவே ஒரு சிறு குழி உள்ளது. அக்குழியில் விழும் உருவத்திற்கு மட்டுமே கூர்ந்த பார்வை வாய்க்கிறது. கையை முழுதும் நீட்டிக் கட்டைவிரலை உயர்த்திப் பாருங்கள். அவ்விரல் நகத்தின் அளவினதாகிய, ஏறத்தாழ இரண்டு பாகை அகலமுள்ள பரப்பையே எந்தவொரு கணத்திலும் நாம் மிகத் தெளிவாகக் காண்கிறோம். எஞ்சிய பரப்பு விளிம்பை நோக்கிச் செல்லச்செல்ல மங்கலாகிறது. இக்குறையை ஈடுசெய்ய, விழி ஒரு நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை இடம்விட்டு இடம் தாவுகிறது. தாவிப் பெற்ற துண்டுகளை மூளை இணைத்து முழுக்காட்சியாக நமக்கு அளிக்கிறது.

ஆகவே, நம் பார்வை பகலவன் ஒளியைப் போன்றதன்று. பெரியதோர் இருட்டறையில் நாம் ஏந்திச் செல்லும் கைவிளக்கைப் போன்றது. விளக்கு எத்திசையில் திரும்புகிறதோ அத்திசையே நமக்கு உலகம். திரும்பாத திசையில் உள்ள பொருள் கண்முன் இருந்தும் இல்லாததாகிவிடுகிறது. இவ்விளக்கைத் திருப்பும் கை எது?

இவ்வினாவை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் உருசிய அறிஞர் ஆல்பிரட் யார்பஸ். விழியின் அசைவுகளைப் பதிவுசெய்யும் கருவியைக் கொண்டு, இலியா ரெப்பின் வரைந்த ஓவியம் ஒன்றை ஒருவருக்குக் காட்டினார். நெடுநாள் பிரிந்திருந்த ஒருவர் எதிர்பாராது வீடு திரும்பும் காட்சி அது. 'இக்குடும்பத்தின் செல்வநிலை எத்தகையது?' என்று வினவியபோது விழிகள் ஆடைகளிலும் அறைக்கலன்களிலும் உலவின. 'இவர்களின் வயது என்ன?' என்று வினவியபோது முகங்களில் நிலைத்தன. ஓவியம் ஒன்றே, கண்களும் அவையே. வினா மாறியதும் பார்வையின் பாதை மாறியது. 1965இல் வெளிவந்த அவருடைய நூல், காட்சி ஆராய்ச்சியில் ஒரு திருப்புமுனையாக அமைந்தது.

தேடலின் இரு விசைகள்

கவனத்தைத் திருப்பும் விசைகளுள் இரண்டினை எளிதில் உணரலாம். முதலாவது, பொருளின் பளிச்சிடும் தன்மை. வெண்மல்லிகைக் குவியலின் நடுவே ஒரு செவ்வரளி கிடந்தால் அதனை யாரும் தேட வேண்டியதில்லை. அதுவே கண்ணில் வந்து படும். இரண்டாவது, தேடுவோரின் நோக்கம். நூலக அடுக்கில் பச்சை அட்டையிட்ட தடித்த நூல் ஒன்றைத் தேடும்போது, பச்சை அட்டையிட்ட மெலிந்த நூல்களையும் வேறு நிறத்துத் தடித்த நூல்களையும் ஒவ்வொன்றாக விலக்கிச் செல்கிறோம்.

ஆன் டிரீஸ்மன், கேரி ஜெலாடு ஆகிய இருவரும் 1980இல் இவ்வேறுபாட்டை ஆய்வுவழி விளக்கினர். ஒரே பண்பால் வேறுபட்டு நிற்கும் பொருளைக் காண, சூழ்ந்துள்ள பொருள்களின் எண்ணிக்கை தடையாவதில்லை. நிறம், வடிவம் என இரு பண்புகளை ஒருங்கே பொருத்திப் பார்க்க வேண்டியிருப்பின், பொருள்களின் எண்ணிக்கை பெருகப் பெருகத் தேடும் நேரமும் பெருகுகிறது. கவனம் என்னும் விளக்கு அப்போது ஒவ்வோர் இடமாகச் சென்று நிற்க வேண்டியுள்ளது.

தெரிந்து தெளிவோம்

நோக்கம் கூர்மையானால் பிறவற்றைக் கண் காணத் தவறுவதும் உண்டு. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், நுரையீரலின் ஊடுகதிர் அடுக்குப் படங்களில் புற்றுநோய்க் கட்டிகளைத் தேடுமாறு 24 கதிரியல் மருத்துவர்களிடம் கூறினர். இறுதிப் படங்களில், வழக்கமான கட்டியைப் போல் 48 மடங்கு பெரிய கொரில்லாக் குரங்கின் உருவம் ஒன்றும் சேர்க்கப்பட்டிருந்தது. 20 மருத்துவர்கள் அதனைக் கவனிக்கவில்லை. அவர்களுள் பெரும்பாலோரின் விழிகள் குரங்கு இருந்த இடத்திலேயே பதிந்து மீண்டதை விழியசைவுக் கருவி காட்டியது. பார்ப்பது வேறு, காண்பது வேறு.

மூன்றாம் விசை

பளிச்சிடும் தன்மை பொருளுக்கு உரியது. நோக்கம் இப்போதைய மனத்திற்கு உரியது. இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாம் விசை ஒன்றும் உண்டு. அது கடந்த காலத்திற்கு உரியது. பள்ளி விடும் மாலைநேரத்தில் ஒரே நிறச் சீருடை அணிந்த நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வாயிலில் திரள்கின்றனர். நிறத்தால் எவரும் வேறுபட்டு நிற்கவில்லை. ஆயினும், வாயிலில் நிற்கும் தாயின் கண், நடையையும் தோளின் சாய்வையும் கொண்டே தன் பிள்ளையைத் தொலைவிலேயே கண்டுகொள்கிறது. ஆண்டுக்கணக்கில் அன்போடு நோக்கிப் பழகிய நினைவே அத்தேடலுக்கு வழிகாட்டுகிறது.

இத்தகைய நினைவு, நாம் எண்ணி வரவழைக்கும் நினைவாக இருக்க வேண்டியதில்லை. ஜெனிவாவைச் சேர்ந்த மருத்துவரும் உளவியலருமான எடுவார் கிளாப்பரேட் 1911இல் ஒரு நிகழ்வைப் பதிவுசெய்தார். நினைவிழப்பு நோயால் வருந்திய பெண் ஒருவர், தம்மைப் பார்க்க வரும் மருத்துவரை ஒவ்வொரு முறையும் புதியவராகவே கருதினார். ஒருநாள் கிளாப்பரேட் தம் விரல்களுக்கிடையே ஓர் ஊசியை மறைத்துக்கொண்டு அவரோடு கைகுலுக்கினார். ஊசி குத்தியதையும் அப்பெண் விரைவில் மறந்துபோனார். ஆயினும், பின்னர் மருத்துவர் கைநீட்டியபோது அவர் தம் கையைச் சட்டெனப் பின்னிழுத்துக்கொண்டார். நடந்த நிகழ்ச்சியை அவரால் எடுத்துக்கூற இயலவில்லை. இன்றைய ஆய்வு அறம் இத்தகைய சோதனைக்கு இடமளிக்காது. எனினும், நிகழ்ச்சி மறந்தபின்னும் அதன் உணர்ச்சி உடலில் தங்கி வழிநடத்தக்கூடும் என்பதை அது உணர்த்தியது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்கிறோம். அப்பூனைக்கும் சுட்ட நாள் நினைவிருக்க வேண்டியதில்லை.

துன்பத்தின் நினைவுக்கு மட்டுமன்றி, இன்பத்தின் நினைவுக்கும் இவ்வாற்றல் உண்டு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரையன் ஆண்டர்சன், பேட்ரிக் லாரன்ட், ஸ்டீவன் யான்டிஸ் ஆகியோரின் ஆய்வு 2011இல் வெளியாயிற்று. அதில் பங்கேற்றோர் முதலில் சிவப்பு அல்லது பச்சை நிற வட்டத்தைத் தேடினர். ஒரு நிறத்தைக் கண்டால் பெரும்பாலும் மிகுதியான காசும், மற்றொன்றைக் கண்டால் பெரும்பாலும் குறைவான காசும் பரிசாகக் கிடைத்தன. அடுத்த கட்டத்தில் பரிசு நின்றுவிட்டது. நிறத்தைப் பொருட்படுத்தாது வடிவத்தை மட்டும் தேடுமாறு கூறப்பட்டது. ஆயினும், முன்பு பரிசளித்த நிறம் திரையின் ஓரிடத்தில் தோன்றியபோதெல்லாம் தேடல் தாமதமாயிற்று. பயன் இல்லையென அறிந்தும் கண் அந்நிறத்தின்பால் சென்றது. சில காசுகளின் நினைவுக்கே இத்துணை ஈர்ப்பு இருக்குமாயின், வாழ்வின் பேரின்பங்களும் பெருந்துயரங்களும் பார்வையை எவ்வளவு ஈர்க்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

பாம்பைத் தேடிய கண்கள்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பர். சுவீடன் நாட்டு உளவியலர் ஆர்னே ஓமனும் அவருடைய குழுவினரும் இந்நடுக்கத்தைக் காட்சித் தேடலோடு இணைத்து ஆராய்ந்தனர். 2001இல் வெளியான அவ்வாய்வில், பல படங்கள் கட்டங்களாக அடுக்கிக் காட்டப்பட்டன. மலர்களுக்கும் காளான்களுக்கும் இடையே பாம்பையோ சிலந்தியையோ பங்கேற்றோர் விரைந்து கண்டனர். பாம்புகளுக்கும் சிலந்திகளுக்கும் இடையே மலரையோ காளானையோ காண அதனினும் மிகுதியான நேரம் தேவைப்பட்டது. பாம்புக்கு அஞ்சுவோர் பாம்பையும், சிலந்திக்கு அஞ்சுவோர் சிலந்தியையும் மேலும் விரைந்து கண்டனர் என்பதே இவ்வாய்வில் நாம் குறிப்பாகக் கருதத்தக்கது. அதாவது, ஒரே படத்தை நோக்கிய இருவேறு மனிதரின் கண்கள், தத்தம் அச்சத்திற்கேற்ப இருவேறு விரைவில் தேடின.

இவ்விரைவுக்கு மூளையில் உள்ள இடம் எது? இரு காதுகளுக்கும் உட்புறமாக, மூளையின் ஆழத்தில், வாதுமைப் பருப்பின் வடிவில் ஒரு நரம்புத் திரள் இருபுறமும் உள்ளது. வாதுமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் அதனை அமிக்டலா என்பர். இன்னது நமக்கு இன்றியமையாதது, இன்னது தீங்கானது எனும் மதிப்பீட்டில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. எலிகளைக் கொண்டு ஆராய்ந்த ஜோசப் லெடூ, புலன்செய்தி அமிக்டலாவை இரு வழிகளில் அடைவதாக விளக்கினார். ஒன்று விரைவான, கரடுமுரடான குறுக்குவழி. மற்றொன்று பெருமூளைப் புறணியின் வழியே ஆராய்ந்து செல்லும் நெடுவழி. மங்கிய ஒளியில் கிடக்கும் கயிற்றைக் கண்டு முதலில் துள்ளிப் பின்வாங்குகிறோம். பின்னரே அது கயிறு எனத் தெளிகிறோம். கயிற்றில் பாம்பைக் காணும் இம்மயக்கத்தை இந்திய மெய்யியல் நூல்கள் நெடுங்காலமாக உவமையாக எடுத்தாண்டு வருகின்றன.

துள்ளிப் பின்வாங்கியது பிழையன்று. பாம்பைக் கயிறென்று கருதுபவர் உயிரை இழக்கக்கூடும். கயிற்றைப் பாம்பென்று கருதுபவர் ஒரு கணத்தை மட்டுமே இழக்கிறார். ஆகவே, உணர்ச்சி நினைவு நம் பகையன்று. நம்மைக் காக்கும் காவலாள். ஆயினும் காவலாளின் கூவலைத் தீர்ப்பாகக் கொள்ளுமிடத்தில் இடர் தொடங்குகிறது.

குவிந்த ஒளியின் விலை

கைவிளக்கின் ஒளியை ஓரிடத்தில் குவித்தால் அவ்விடம் மிகத் தெளிவாகும். சூழ்ந்துள்ள இடம் மேலும் இருளும். மனக்கிளர்ச்சி மிகும்போது கவனம் இவ்வாறே குறுகுகிறது என்னும் கருத்தை ஈஸ்டர்புரூக் என்னும் உளவியலர் 1959இல் முன்வைத்தார்.

எலிசபெத் லாஃப்டசும் அவருடைய குழுவினரும் 1987இல் வெளியிட்ட ஆய்வு இதன் விளைவைக் காட்டியது. உணவகம் ஒன்றில் வாடிக்கையாளர் ஒருவர் காசாளர்முன் நிற்கும் படங்களை இரு குழுவினர் கண்டனர். ஒரு குழுவினர் கண்ட படத்தில் அவர் கையில் காசோலை இருந்தது. மற்றொரு குழுவினர் கண்ட படத்தில் துப்பாக்கி இருந்தது. ஏனையவை அனைத்தும் ஒன்றே. துப்பாக்கியைக் கண்டோரின் விழிகள் அதன்மீதே பன்முறை பதிந்தன, நெடுநேரம் நிலைத்தன. பின்னர் அம்மனிதரைப் பற்றி வினவியபோது, காசோலையைக் கண்டோரைவிட அவர்களின் விடைகள் பிழைமிகுந்திருந்தன.

இஃது ஆய்வுக்கூடத்தோடு முடியும் செய்தியன்று. குற்றம் நிகழ்ந்த இடத்தில் இருந்த ஒருவர் நீதிமன்றத்தில் நின்று, 'என் கண்ணால் கண்டேன்' என்கிறார். அவர் பொய்யுரைக்கவில்லை, நெஞ்சறிந்த உண்மையையே கூறுகிறார். ஆனால், உயிரச்சம் சூழ்ந்த அக்கணத்தில் அவர் விழிகள் கத்தியின் முனையில் நிலைத்திருந்தால், கத்தியைப் பிடித்தவரின் முகம் எந்த அளவுக்குப் பதிந்திருக்கும்? அடையாள அணிவகுப்பில் அவர் சுட்டும் விரல் ஒருவரின் வாழ்நாளையே மாற்றக்கூடும்.

'அஞ்சத்தக்க நிகழ்ச்சி மறக்குமா? அது கல்வெட்டுப்போல் பதிந்துவிடாதா?' என்று வினவலாம். இதனையும் அறிஞர்கள் சோதித்துள்ளனர். 2001ஆம் ஆண்டு செப்டம்பர் 11இல் அமெரிக்காவில் நிகழ்ந்த தாக்குதலுக்கு மறுநாள், டியூக் பல்கலைக்கழக மாணவர் 54 பேரிடம், அச்செய்தியை எங்கு, எவ்வாறு அறிந்தனர் என்பதை ஜெனிஃபர் டாலரிக்கோ, டேவிட் ரூபின் ஆகியோர் பதிவுசெய்தனர். அண்மையில் நிகழ்ந்த இயல்பான நிகழ்ச்சி ஒன்றையும் பதிவுசெய்தனர். வாரங்களும் திங்கள்களும் கடந்தபின் மீண்டும் வினவியபோது, இருவகை நினைவுகளும் ஏறத்தாழ ஒரே அளவில் மாறிப்போயிருந்தன. வேறுபாடு ஒன்றே: தாக்குதலைப் பற்றிய நினைவு முற்றிலும் சரியானது என்னும் நம்பிக்கை மட்டும் குறையவில்லை. உணர்ச்சி, நினைவுக்கு உறுதியைத் தருகிறது. அதே அளவுக்கு உண்மையைத் தருவதில்லை.

ஆறாத நினைவு

அச்சம் நீங்கிய பின்னும் விளக்கு அத்திசையிலேயே நின்றுவிடும் நிலையும் உண்டு. ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935இல் வகுத்த முறையைத் தழுவிய சோதனை ஒன்று இதனை வெளிப்படுத்துகிறது. பல நிறங்களில் எழுதப்பட்ட சொற்களைக் காட்டி, சொல்லின் பொருளைக் கருதாமல் எழுத்தின் நிறத்தை மட்டும் கூறுமாறு கேட்பர். வியட்நாம் போரிலிருந்து திரும்பி, போரின் கொடுமையால் மனவடுவுற்றிருந்த வீரர்களிடம் ரிச்சர்டு மெக்நல்லியும் குழுவினரும் இச்சோதனையை நடத்தி 1990இல் முடிவை வெளியிட்டனர். பிற சொற்களைவிடப் போரோடு தொடர்புடைய சொற்களின் நிறத்தைக் கூற அவ்வீரர்கள் மிகுதியான நேரம் எடுத்துக்கொண்டனர். போர் முடிந்து பல ஆண்டுகள் கழிந்திருந்தன. சொல்லின் பொருள் தேவையில்லை என்பதையும் அவர்கள் அறிந்திருந்தனர். ஆயினும் மனம் பொருளில் சிக்கிக்கொண்டது.

பட்டாசு ஒலிக்கு நடுங்குபவரையும், கடலைக் கண்டால் முகம் திருப்பிக்கொள்பவரையும் நாம் சில வேளைகளில் நகைக்கிறோம். அவர் காண்பது நாம் காணும் கடலன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையில் உறவுகளை இழந்தோர் நம் கடற்கரையெங்கும் வாழ்கின்றனர். அவர்தம் கண்கள் அலையில் எதனைத் தேடுகின்றன என்பதை அறிந்தவர் நகைக்கமாட்டார். அரண்டவனைக் கோழையென இகழ்வது, புண்பட்ட காலால் நொண்டுபவரை இகழ்வதற்கு ஒப்பாகும்.

கடன்பெற்ற அச்சம்

தாம் பட்ட துன்பத்தால் விளையும் அச்சத்திற்குக் காரணம் உண்டு. பிறர் சொல்லக் கேட்டு நாம் ஏற்றுக்கொண்ட அச்சமும் அவ்வாறே கண்ணை வழிநடத்துகிறது என்பதுதான் கவலைக்குரியது. அமெரிக்காவில், கறுப்பின மக்களை வன்முறையோடு இணைத்துக் காட்டும் இழிந்த வழக்கம் நெடுங்காலமாக நிலவுகிறது. அச்சூழலில் கீத் பெய்ன் நடத்திய ஆய்வு 2001இல் வெளியாயிற்று. திரையில் ஒரு முகம் நொடிப்பொழுதினும் குறைவாகத் தோன்றி மறையும். அடுத்து ஒரு துப்பாக்கியோ, பட்டறைக் கருவியோ தோன்றும். எதனைக் கண்டோம் என்பதை உடனே கூற வேண்டும். கறுப்பின முகத்தை அடுத்துத் தோன்றிய கருவியைத் துப்பாக்கி எனப் பிழையாகக் கூறுவது, வெள்ளையின முகத்தை அடுத்துத் தோன்றியபோது நேர்ந்ததைவிட மிகுந்திருந்தது. விடைகூறப் போதிய நேரம் அளித்தபோது பிழைகள் அரிதாயின.

எவரோ விதைத்த அச்சம், கருவியைப் படைக்கலமாக்கியது. நம் ஊரிலும், 'அத்தெருவினர் அப்படித்தான்', 'அக்கூட்டத்தார் இப்படித்தான்' என்று இளமையிலேயே நம் செவியில் இடப்படும் சொற்கள் பல. அச்சொற்கள் செவியோடு நிற்பதில்லை. கண்ணுக்குள் சென்று அமர்ந்துகொள்கின்றன. பின்னர் அம்மனிதரின் நூறு நற்செயல்களைக் கடந்து, ஒரேயொரு குறையைத் தேடிப் பிடிக்கிறது நம் பார்வை. தேடியது கிடைத்தவுடன், 'நான் கண்ணாரக் கண்டேன்' என்கிறோம். தேடியதால்தான் கண்டோம் என்பதை மறந்துவிடுகிறோம்.

இரண்டாம் பார்வை

கண்ணை நினைவு ஆளுமாயின், மனிதனுக்கு விடுதலை இல்லையா? உண்டு என்பதற்குச் சான்றாகும் மருத்துவ ஆய்வு ஒன்று 2005இல் வெளியாயிற்று. அரியதொரு நோயால் இருபுற அமிக்டலாவும் சிதைந்த பெண் ஒருவரால், பிறர் முகத்தில் தோன்றும் அச்சத்தை இனங்காண முடியவில்லை. ரால்ஃப் அடால்ஃப்சும் குழுவினரும் ஆராய்ந்தபோது, அவர் பிறர் முகத்தில் கண்களை இயல்பாக நோக்குவதில்லை என்பது தெரியவந்தது. விரிந்த கண்களில்தான் அச்சம் வெளிப்படுகிறது. 'கண்களை நோக்குங்கள்' என்று அறிவுறுத்தியதும் அவர் அச்சத்தைப் பிறரைப் போலவே இனங்கண்டார். அறிவுறுத்தல் நின்றதும் பார்வை பழைய வழிக்கே திரும்பியது.

இவ்வாய்வில் இரு பாடங்கள் உள்ளன. நோக்கத்தோடு செலுத்தும் பார்வை, மூளையின் குறையையும் கடக்க வல்லது. அந்நோக்கத்தை ஒவ்வொரு முறையும் புதுப்பிக்க வேண்டும் என்பது மற்றொன்று. அச்சம் தானாகத் தணிந்துவிட்டாலும் அதன் நினைவு முற்றிலும் அழிவதில்லை. பழக்கிய துலங்கல் ஒன்று மறைந்தபின்னும், இடைவெளி விட்டு மீண்டும் தலைகாட்டுவதை இவான் பாவ்லோவ் தம் ஆய்வுகளில் கண்டுரைத்தார். ஆகவே, அஞ்சாதிருக்கக் கற்பது பழைய நினைவை அழிப்பதன்று. அதன்மேல் புதியதொரு நினைவை நாள்தோறும் எழுதுவதாகும்.

முதற்பார்வை நம் வசத்தில் இல்லை. அதனைக் கடந்த காலம் திருப்புகிறது. இரண்டாம் பார்வை நம் வசத்தில் உள்ளது. சான்று கூறுமுன், 'நான் எதனைக் கண்டேன்? எதனைக் காணவில்லை?' என்று தம்மையே வினவிக்கொள்பவர் நீதிக்குத் துணைநிற்கிறார். நண்பரின் முகத்தில் சினத்தைக் கண்டதாக எண்ணும் மாணவர், 'இஃது அவர் சினமா, என் அச்சமா?' என்று ஒரு கணம் நின்று ஆராய்ந்தால் ஒரு நட்பு பிழைக்கிறது. ஒருவரைக் கண்டவுடன் தோன்றும் வெறுப்பை, 'இது நான் பட்டதா, பிறர் தந்ததா?' என்று பிரித்தறிபவர் சமூகத்தின் நோய் ஒன்றைத் தம்மளவில் தீர்க்கிறார்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் மூத்தோர் வாக்கு. கண் பொய்யுரைக்கிறது என்பதன்று இதன் கருத்து. கண் தனக்குக் கிடைத்த ஒளியை மட்டுமே காட்டுகிறது. விளக்கை முழுவதும் சுற்றிக் காட்டும் வரையில் தீர்ப்பைத் தள்ளிவை என்பதே கருத்து. இருண்டதைக் கண்டு அரள்வது இயற்கை. விளக்கை ஏந்தி இருளருகே சென்று, அது பேயா, புதரா என்று பார்ப்பது கல்வி.

கற்பவை கற்றபின்

1. அச்சம், அன்பு, ஆசை ஆகியவற்றுக்கும் பார்வைக்கும் உள்ள தொடர்பைக் கூறும் பழமொழிகளை உங்கள் வட்டாரத்துப் பெரியோரிடம் கேட்டுத் தொகுக்க.
2. ஒரே தெருவின் ஒளிப்படத்தை ஐவரிடம் பத்து நொடிகள் காட்டி, அவரவர் நினைவில் நின்றவற்றை எழுதச் செய்க. வேறுபாடுகளையும் அவற்றுக்கான காரணங்களையும் வகுப்பறையில் கலந்துரையாடுக.
3. 'கண்கண்ட சான்று ஒன்றே தீர்ப்புக்குப் போதுமானது' என்னும் தலைப்பில் ஒட்டியும் வெட்டியும் பேசுக.

சொல்லும் பொருளும்

அரளுதல் – மிரளுதல், அஞ்சுதல்
மனவடு – துன்ப நிகழ்ச்சியால் மனத்தில் நிலைத்த தழும்பு
துலங்கல் – தூண்டலுக்கு உயிர் அளிக்கும் எதிர்விளைவு
படைக்கலம் – ஆயுதம்
ஆழிப்பேரலை – நிலநடுக்கம் முதலியவற்றால் கடலில் எழும் பேரலை

இலக்கணக் குறிப்பு

அரண்டவன் – வினையாலணையும் பெயர்
குவிந்த ஒளி – பெயரெச்சம்
ஆறாத நினைவு – எதிர்மறைப் பெயரெச்சம்
இன்பமும் துன்பமும் – எண்ணும்மை
செல்லச்செல்ல – அடுக்குத்தொடர்

பகுபத உறுப்பிலக்கணம்

கண்டனர் = காண்(கண்) + ட் + அன் + அர்
காண் – பகுதி. கண் எனக் குறுகியது விகாரம்
ட் – இறந்தகால இடைநிலை
அன் – சாரியை
அர் – பலர்பால் வினைமுற்று விகுதி

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. வினாவிற்கேற்பப் பார்வையின் பாதை மாறுவதை ஓவியத்தின்வழி விளக்கியவர்
அ) ஆர்னே ஓமன் ஆ) ஆல்பிரட் யார்பஸ் இ) ஜோசப் லெடூ ஈ) இவான் பாவ்லோவ்

2. 'உணர்ச்சி, நினைவுக்கு உறுதியைத் தருகிறது. அதே அளவுக்கு உண்மையைத் தருவதில்லை' – இக்கூற்றுக்குச் சான்றாவது
அ) பாம்பைத் தேடிய ஆய்வு ஆ) பரிசளித்த நிறத்தைப் பற்றிய ஆய்வு இ) டியூக் பல்கலைக்கழக மாணவரிடம் நடத்திய ஆய்வு ஈ) ஓவியத்தை நோக்கிய ஆய்வு

குறுவினா

1. நம் பார்வை கைவிளக்கை ஒத்தது என்பதற்குரிய காரணத்தை எழுதுக.
2. 'அரண்டவன்' என்னும் சொல் காட்டும் காலம் கட்டுரையின் மையக்கருத்தோடு எவ்வாறு பொருந்துகிறது?

சிறுவினா

1. கவனத்தைத் திருப்பும் மூன்று விசைகளை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. உணர்ச்சி நினைவைக் 'காவலாள்' எனக் கூறுவதன் பொருத்தத்தையும் எல்லையையும் சுட்டுக.

நெடுவினா

முதற்பார்வைக்கும் இரண்டாம் பார்வைக்கும் இடையே உள்ள வேறுபாட்டை, நீதி, நட்பு, சமூகம் ஆகியவற்றோடு பொருத்திக் கட்டுரைக்க.